கலித்தொகையைக் கரையேற்றிய கணக்கு அதிகாரி

அந்தமானில் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவலை எப்போதும் உண்டு. ஊரிலிருந்து கப்பலேறி வரும்போது பெட்டியின் அடியில் ஒரு திருக்குறளோ, கம்பராமாயணமோ வைத்துக் கொண்டு வருகிறோம். மே மாதம் மழை பிடித்துக் கொண்டால் டிசம்பர் வரை விடுவதில்லை. இடையில் எடுத்துப் புரட்டி வெயில் காட்டாவிட்டால் அட்டையில் பூஞ்சணம் பூத்து விடும். பெட்டி தரையில் இருந்தால் கரையான் வேறு. காகிதத்துக்கே இந்தக் கதி என்றால், பனை ஓலையில் எழுதி, பரண் மேல் போட்டு, மூன்று தலைமுறையாக யாரும் தொடாமல் விட்ட நூல்களின் கதி என்னவாகும்?

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் தமிழ்நாட்டில் நடந்தது அதுதான். தொல்காப்பியப் பொருளதிகாரம் என்றால் பேர் தெரியும், நூல் கிடைக்காது. எட்டுத்தொகை என்று சொல்வார்கள். எட்டும் எவை என்று கேட்டால் பெரிய வித்துவான்களே விழிப்பார்கள். அந்த நிலையில் ஏடுகளைத் தேடி எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்து, கைப்பணத்தைப் போட்டு அச்சேற்றியவர்களில் உ.வே. சாமிநாதையர் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு முன்னால் அந்தக் காட்டில் வழி வெட்டிய ஒருவர் உண்டு. அவர் மடத்துப் பண்டிதர் அல்ல, தமிழாசிரியராகவே காலங் கழித்தவரும் அல்ல. கடல் தாண்டி வந்து, சர்க்கார் கணக்குச் சாலையில் உத்தியோகம் பார்த்தவர். நம்மைப் போல் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர். அவர்தான் சி.வை. தாமோதரம் பிள்ளை.

சிறுப்பிட்டியிலிருந்து சென்னைக்கு

யாழ்ப்பாணத்தில் சிறுப்பிட்டி என்ற ஊரில், 1832-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி பிறந்தார். தந்தை வைரவநாதர், தாய் பெருந்தேவி அம்மையார். சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பாடங் கேட்டார். ஆங்கிலம் கற்றது அமெரிக்க மிஷன்காரர்கள் நடத்திய பள்ளிகளில். அந்நாளில் யாழ்ப்பாணத்தில் புகழ்பெற்றிருந்த வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்துத் தேறினார். ஒரு புறம் கணிதமும் ஆங்கிலமும், மறு புறம் நன்னூலும் நிகண்டும் என்று இரண்டு கையிலும் கல்வி. இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையோடு பதிப்பித்து விட்டார். கோப்பாயில் சிறிது காலம் ஆசிரியர் வேலை.

அப்போது சென்னையில் பெர்சிவல் பாதிரியார் தினவர்த்தமானி என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தி வந்தார். ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு பைபிளைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்தான். பத்திரிகைக்கு நல்ல தமிழ் தெரிந்த, ஆங்கிலமும் அறிந்த ஓர் இளைஞர் தேவைப்பட்டார். அழைப்பு வந்தது. தாமோதரம் பிள்ளை கடல் கடந்தார்.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. அதன் முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் இரண்டே பேர். ஒருவர் தாமோதரம் பிள்ளை, மற்றவர் விசுவநாத பிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்தார். இதைச் சொல்லிப் பெருமைப்பட இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு உரிமை உண்டு. சாஸ்திரி - சிரிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வந்து குடியேறிய மலையகத்துக் குடும்பங்களும் இந்தப் பெருமையில் பங்கு கேட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை.

பட்டம் வாங்கியவருக்கு உத்தியோகம் தேடி வந்தது. கள்ளிக்கோட்டையில் சிறிது காலம் ஆசிரியராக இருந்தார். பின்னர் சென்னையில் அரசாங்க வரவு செலவுக் கணக்குச் சாலையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, மேற்பார்வை அதிகாரி ஆனார். வேலையில் இருந்தபடியே சட்டம் படித்து 1871-இல் பி.எல். தேறினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு ஒன்பது இருக்கும். பகலில் ஆபீஸ், இரவில் பாடம் என்று தபாலில் படிக்கும் நம் குமாஸ்தா நண்பர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. நூறு வருஷத்துக்கு மேலான வழக்கம் என்று தெரிந்து கொள்ளலாம்.

ஏட்டைப் படிப்பது என்றால்

இவர் செய்த வேலையின் கடுமை தெரிய வேண்டுமானால், ஓலைச்சுவடி என்பது எப்படிப்பட்ட பொருள் என்று தெரிய வேண்டும். பனை ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, மை தடவி வைத்திருப்பார்கள். நன்றாகப் பேணினால் இருநூறு முந்நூறு ஆண்டு நிற்கும். அதற்குள் பார்த்து வேறு ஓலையில் பெயர்த்து எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் அந்த நூல் அந்த வீட்டோடு முடிந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்த பெரியவர் போன பின், பிள்ளைகளுக்கு அது வெறும் ஓலைக் கட்டு. ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்டவர்கள் உண்டு. அடுப்பு எரித்தவர்களும் உண்டு. வேண்டுமென்று செய்த பாவம் அல்ல, தெரியாமல் செய்தது.

கிடைத்த ஏட்டைப் படிப்பதும் எளிதல்ல. ஓலை கிழிந்து விடும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். ஒகர ஓகாரமும் அப்படியே. துணைக் காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே ஏட்டில் காடு என்று இருப்பதும் கரடு என்று இருப்பதும் ஒன்று. எரி என்று படிப்பதா, ஏரி என்று படிப்பதா? கொடு என்பதா, கோடு என்பதா? இடம் பார்த்து, யாப்புப் பார்த்து, உரை பார்த்து முடிவு செய்ய வேண்டும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. பாட்டு எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது என்பதும் தெரியாது. எழுதியவர் தூக்கக் கலக்கத்தில் விட்ட வரி வேறு. பூச்சி தின்ற வரி வேறு.

ஒரே நூலுக்கு நான்கைந்து ஏடுகளைச் சேர்த்து வைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, இங்கே இல்லாததை அங்கே கண்டு நிரப்ப வேண்டும். கணக்குச் சாலையில் பேரேட்டையும் குறிப்பேட்டையும் ஒத்துப் பார்த்துப் பழகிய கைக்கு இந்த வேலை பிடித்துப் போனதில் ஆச்சரியம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு தம்படி உதைத்தாலும் விடாமல் தேடும் குணம், ஒரு சீர் உதைத்தாலும் விடவில்லை.

நாவலருக்குப் பின்

1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு தாமோதரம் பிள்ளையால் வெளியிடப்பட்டது. அதைப் பரிசோதித்துக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். நாவலர் துணையிருந்தபோது பிள்ளைக்கு அச்சம் இல்லை. 1879-இல் நாவலர் காலமானார். அதன் பின் யாரைக் கேட்பது? பெரிய பண்டிதர்கள் இருந்தார்கள். ஆனால் சிதைந்த ஏட்டைத் தொட்டு, ஒரு பிழை நேர்ந்தால் காலமெல்லாம் சேர்த்த பெயர் போய்விடுமே என்று ஒதுங்கினார்கள். பண்டிதர் என்ற பெயர் தமக்கு இல்லை, ஆகவே இழக்கவும் ஒன்றும் இல்லை என்ற பொருள்பட எழுதிவிட்டு, தாமோதரம் பிள்ளை துணிந்து இறங்கினார். தம்மைவிடக் கற்றவர்கள் வந்து திருத்தட்டும், ஆனால் அவர்கள் வரும்வரை கரையானும் செல்லும் காத்திராது என்பது அவருடைய வாதம். இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

1881-இல் வீரசோழியம் வந்தது. 1882-இல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். வயது ஐம்பது. பென்ஷன் வாங்கிக் கொண்டு யாழ்ப்பாணம் போய்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1883-இல் - நம் சாத்தம் மர அறுவை ஆலை தொடங்கிய அதே வருஷத்தில் - இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும் வெளியாயின. 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம். 1887-இல் கலித்தொகை. 1889-இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும். 1891-இல் தொல்காப்பிய எழுத்ததிகாரம், 1892-இல் சொல்லதிகாரம், இரண்டும் நச்சினார்க்கினியர் உரையோடு. பன்னிரண்டு வருஷத்துக்குள் இத்தனை!

இவற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாமோதரம் பிள்ளை அழுத்தமான சைவர். சைவ மகத்துவம் என்று தனி நூலே எழுதியவர். ஆனால் வீரசோழியம் பௌத்தர் செய்த இலக்கணம். சூளாமணி சமணக் காப்பியம். தம் சமயத்து நூல் அல்ல என்று அவர் ஒதுக்கவில்லை. தமிழில் இருக்கிறது, அழியப் போகிறது என்ற இரண்டு காரணமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

கலித்தொகை

எட்டுத்தொகையில் முதன்முதல் அச்சைக் கண்டது கலித்தொகைதான். இன்று கல்லூரிப் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிற பாலைக்கலியும் முல்லைக்கலியும் 1887 வரை ஒரு சில ஏடுகளில் ஒடுங்கிக் கிடந்தன. கடவுள் வாழ்த்தைச் சேர்த்து நூற்றைம்பது பாட்டு. நச்சினார்க்கினியர் உரை இருந்ததால் பிழைத்தது எனலாம். உரை இல்லையென்றால் பல இடங்களில் பாட்டையே கண்டுபிடித்திருக்க முடியாது.

அந்த ஏடுகள் இருந்த நிலையை அவர் பதிப்புரையில் மனம் நொந்து விவரித்திருக்கிறார். தொட்ட இடத்தில் தூளாகி, புழு துளைத்த வழியில் எழுத்துகள் காணாமற்போய், அடுத்த முறை பிரிப்பதற்கு ஏடு இருக்குமோ இராதோ என்ற நிலை. படிக்கும்போதே அழிந்து கொண்டிருந்த நூல் அது. இன்னும் ஒரு தலைமுறை தாமதித்திருந்தால் கலித்தொகை என்பது உரைகளில் வரும் ஒரு பெயராக மட்டும் நின்றிருக்கும். அப்படிப் பெயர் மட்டும் நின்று போன தமிழ் நூல்கள் எத்தனையோ உண்டு.

இது நம்மவர்க்கு மட்டும் நேர்ந்த தலைவிதி அல்ல. நம்மை ஆண்ட ஆங்கிலேயருக்கும் இதே கதை உண்டு. ஆங்கிலோ-சாக்சன் என்று சொல்லப்படும் பழைய ஆங்கிலத்தில் பேவுல்ஃப் என்று ஒரு வீர காவியம். மூவாயிரத்துக்கு மேற்பட்ட அடிகள். உலகத்தில் அதற்கு ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான். 1731-இல் லண்டனில் அது இருந்த மாளிகை தீப்பற்றி, பிரதியின் ஓரங்கள் கருகின. அதன் பின் தொடத் தொட ஓரம் உதிர்ந்தது. அதைப் பெயர்த்து எழுதிக் காத்தவர் ஓர் ஆங்கிலேயர் அல்ல; டென்மார்க் அரசாங்க உத்தியோகஸ்தரான தோர்க்கெலின் என்ற ஐஸ்லாந்துக்காரர். 1787-இல் பிரதி எடுத்துப் போனார். பதிப்புக்கு எல்லாம் தயார் செய்து வைத்திருந்தபோது, 1807-இல் ஆங்கிலக் கப்பற்படை கோபன்ஹேகன் நகரைக் குண்டு வீசித் தாக்கியது. அவர் வீடு எரிந்தது, உழைப்பெல்லாம் போயிற்று. பெயர்த்தெழுதிய பிரதிகள் மட்டும் தப்பின. மீண்டும் முதலிலிருந்து தொடங்கி 1815-இல் அச்சிட்டார். ஆங்கிலேயரின் ஆதி காவியத்தை ஆங்கிலேயரின் குண்டே அழிக்கப் பார்த்தது, காப்பாற்றியவர் அயல்நாட்டார்! இன்று மூலத்தில் உதிர்ந்து போன எழுத்துகளை அவர் எடுத்த பிரதிகளைப் பார்த்துத்தான் நிரப்பிக் கொள்கிறார்கள்.

நாம் வாழும் இந்தத் தீவுகளின் கதை இன்னும் சோகமானது. கலித்தொகை அச்சான அதே 1887-இல், அந்தமானில் அதிகாரியாக இருந்த போர்ட்மன் என்பவர் பெரிய அந்தமானியப் பழங்குடியினரின் மொழிகளைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டார். ஓலையும் எழுத்தும் இல்லாத மொழிகள் அவை. பாட்டும் கதையும் வாயோடு வந்து வாயோடு போயின. அவற்றில் போ என்ற மொழியைப் பேசத் தெரிந்த கடைசி மூதாட்டி போவா சீனியர் 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் போர்ட் பிளேரில் காலமானார். கடைசிக் காலத்தில் அவரோடு அந்த மொழியில் பேச இன்னொருவர் இல்லை. மொழியியலார் பதிவு செய்து வைத்த கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.

கும்பகோணத்தில் இருவர்

ஓய்வுக்குப் பின் தாமோதரம் பிள்ளை கும்பகோணத்தில் வக்கீல் தொழில் நடத்தினார். அங்கே கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் சாமிநாதையர். பிள்ளையை விட இருபத்திரண்டு வயது இளையவர். அவர் அப்போது சீவக சிந்தாமணி ஏடுகளோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். பிள்ளைக்கும் சிந்தாமணியைப் பதிப்பிக்கும் ஆசை. பதிப்பு வேலையின் தொல்லைகளை எடுத்துச் சொல்லி, அதைத் தம்மிடம் விட்டுவிடும்படி ஐயரைக் கேட்டார்.

ஐயர் பாடு தர்மசங்கடம். கேட்பவர் பெரியவர், அனுபவம் உள்ளவர், ஏற்கெனவே பேர் பெற்ற பதிப்பாசிரியர். தமக்கோ அச்சுக்கூடம் தெரியாது, கையில் பணம் கிடையாது. இருந்தும் தாம் உயிரைக் கொடுத்து உழைத்த நூலைப் பிறர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. கலங்கித் தவித்துக் கடைசியில் தாமே பதிப்பிப்பது என்று முடிவு செய்தார். இதை ஐயர் தம் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. பிள்ளையின் கலித்தொகையும் அதே ஆண்டுதான்.

இதை வைத்து இருவரையும் பகைவர் போலப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பிள்ளை கேட்டதில் தவறு இல்லை, ஐயர் மறுத்ததிலும் தவறு இல்லை. பிள்ளை மறைந்தபோது இரங்கிப் பாடியவர்களில் ஐயரும் ஒருவர். அன்று பிள்ளை கேட்டபடி ஐயர் கொடுத்திருந்தால், சாமிநாதையர் என்ற பதிப்பாசிரியர் நமக்குக் கிடைத்திருப்பாரா என்பதும் யோசிக்க வேண்டியதுதான்.

குறையும் உண்டு

தாமோதரம் பிள்ளையின் பதிப்புகளில் பிழைகள் இல்லாமல் இல்லை. பொருளதிகாரம் முழுவதற்கும் உரை நச்சினார்க்கினியருடையது என்று எண்ணியே வெளியிட்டார். பிற்பகுதியில் உள்ள மெய்ப்பாட்டியல் முதலிய நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்று ரா. இராகவையங்கார் பின்னால் ஆராய்ந்து காட்டினார். கலித்தொகை முழுவதையும் நல்லந்துவனாரே பாடினார் என்பது பிள்ளையின் கொள்கை. ஐந்து புலவர் பாடியது என்பாரும் உண்டு. அவர் காலத்திலேயே கண்டனங்கள் கிளம்பின. அவரும் சும்மா இருப்பவர் அல்லர். சூடாகப் பதில் எழுதுவார். ஆனால் இராகவையங்கார் பேராசிரியரைக் கண்டுபிடித்ததற்கும், கண்டனம் எழுதியவர்கள் கண்டனம் எழுதியதற்கும், முதலில் கையில் ஓர் அச்சுப் புத்தகம் வேண்டியிருந்ததே. அதைக் கொடுத்தவர் அவர்தான்.

பணத்துக்குப் பட்ட பாடு தனி. இப்படிப்பட்ட நூல்களை அந்நாளில் விலை கொடுத்து வாங்கியவர்கள் குறைவு. உத்தியோகத்தில் சேர்த்ததையும் பென்ஷனையும் அச்சுக் கூலிக்கும் காகிதத்துக்கும் ஏடு தேடும் செலவுக்கும் கொட்டினார். உதவிய கனவான்கள் சிலர் இருந்தார்கள்; போதவில்லை.

1887 முதல் 1890 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தார். சூளாமணியும் இலக்கண விளக்கமும் அச்சேறியது இந்த நாட்களில்தான். பகலில் வழக்குக் கட்டு, இரவில் ஏட்டுக் கட்டு. 1895-இல் அரசாங்கம் ராவ் பகதூர் பட்டம் கொடுத்தது. சென்னையில் கிறிஸ்துவக் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த சூரியநாராயண சாஸ்திரியார் - நாம் பரிதிமாற் கலைஞர் என்று அறிந்தவர் - இளைஞராக இருந்தபோதே அவரது புலமையைக் கண்டு திராவிட சாஸ்திரி என்று பெயர் சூட்டியவர் தாமோதரம் பிள்ளையே. யாழ்ப்பாணத்தை அவர் மறக்கவும் இல்லை. ஏழாலையில் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார்.

1901-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, சென்னைப் புரசைவாக்கத்தில் அவர் காலமானார். புது நூற்றாண்டு பிறந்த அன்று.

அவருடைய மகன் அழகசுந்தரம் கிறிஸ்துவராகி பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்று பெயர் மாற்றிக் கொண்டார். சைவத்தில் ஊறிய தந்தையின் வீட்டில் இப்படி. ஆனால் தமிழ் அவரை விடவில்லை. ஃபிலிப்ஸ் என்ற பாதிரியாரோடு சேர்ந்து தேவார திருவாசகப் பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1921-இல் வெளியிட்டவர் அவர்தான்.

எட்டுத்தொகையில் மிச்சம் ஏழும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. சாமிநாதையர் 1894-இல் புறநானூறும், 1903-இல் ஐங்குறுநூறும், அடுத்த ஆண்டு பதிற்றுப்பத்தும், 1918-இல் பரிபாடலும் கொடுத்தார். நற்றிணையும் குறுந்தொகையும் 1915-இல் வேறு இருவரால் வந்தன. அகநானூறு முழுவதும் அச்சேறி முடிய 1920 ஆயிற்று. கலித்தொகையிலிருந்து கணக்கிட்டால் முப்பத்து மூன்று ஆண்டுகள்.

தாமோதரம் பிள்ளை தம் பதிப்புகளுக்கு எழுதிய நீண்ட முகவுரைகளைத் தொகுத்து, தாமோதரம் என்ற பெயரிலேயே யாழ்ப்பாணத்தில் ஒரு நூலாக வெளியிட்டார்கள். விடுமுறையில் ஊர் போகிறவர்கள் சென்னையில் எங்காவது கண்ணில் பட்டால் ஒரு பிரதி வாங்கி வரலாம். வந்ததும் மரப்பெட்டியில் போட்டுத் தரையில் வைக்க வேண்டாம்.